சின்ன ஊர்க் காதல் படமும் "யாராவது பார்த்துட்டா?" என்ற பயமும்

சின்ன ஊர்க் காதல் படம் எது வந்தாலும் சேலத்தில் ரெண்டே நாளில் ரெண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒரு கட்சிக்கு "அப்படியே நம்ம வாழ்க்கை". இன்னொரு கட்சிக்கு "செம இழுவை". இதற்கு நடுவில் பெண்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அதற்கு ரெண்டு கட்சியுமே சரியான பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன், பதிவு கொஞ்சம் நீளம்.

இழுவை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எடிட்டர் இன்னும் 15 நிமிடம் வெட்டினாலும் அந்த இழுவை போகாது. சின்ன ஊரில் காதலுக்கு எதிரி என்று தனியாக ஒரு வில்லன் தேவையில்லை, பார்க்கிற கண் போதும். எந்தத் தெரு எந்த நேரத்தில் காலியாக இருக்கும், எந்தக் கடை வாசலில் யார் உட்கார்ந்திருப்பார், எந்த பஸ்ஸில் சித்தப்பா வேலை முடிந்து வருவார் என்ற கணக்கை முதல் 20 நிமிடத்துக்குள் பார்வையாளனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டால், அதன்பிறகு ரெண்டு பேர் சும்மா நின்று பேசினாலே நமக்குப் படபடக்கும். சொல்லிக்கொடுக்காவிட்டால் அது ரெண்டு பேர் சும்மா நிற்கிற காட்சி மட்டும்தான்.

ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். படங்களில் ஜோடி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏரியில் படகு விடும். சேலத்துக்காரர் யாரும் இதை நம்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பாதி சேலம் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா, அவங்க மாமியார், பழைய டீச்சர் எல்லாரும் கையில் மிளகாய் பஜ்ஜியோடு நிற்கிற இடம் அது. வீட்டுக்குத் தெரியாமல் போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே கிளம்புவார்கள். பெண் துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றியிருப்பாள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஊரிலிருந்து மேலே போக 30 கிலோமீட்டருக்குப் பக்கம். மேலே சுற்றுவதையும் சேர்த்தால் போகவர 70 வந்துவிடும். மலை ஏற்றத்தில் நல்ல பைக்கே ஒன்றரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இன்றைய விலைக்கு 150 ரூபாய். வெள்ளிப்பட்டறையில் சனிக்கிழமை வாரக்கூலி வாங்குகிற பையனுக்கு வியாழக்கிழமை அந்த 150 ரூபாய் பையில் இருக்காது. கல்லூரி விடுகிற நேரத்துக்கு அவள் கல்லூரி வாசலில் இருந்தாக வேண்டும். திரும்பும்போது தெரிந்த முகத்தைத் தவிர்க்க குப்பனூர் வழி இறங்கலாம், ஆனால் வேறு பக்கம் இறங்கி ஊருக்குள் வர நேரம் கணக்குப் போட வேண்டும். இவ்வளவும் திரைக்கதைக்கு இலவசமாகக் கிடைக்கிற பதற்றம். அதையெல்லாம் விட்டுவிட்டு மேலே போனதும் பாட்டு வைக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் தியேட்டரில் போன் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கிறது.

அந்தப் பாட்டிலும் ஒரு தப்பு அடிக்கடி வரும். காப்பிச் செடி பூக்கிறது கோடை மழை விழுந்த பிறகு, பங்குனி சித்திரை வாக்கில். மழை விழுந்து ஏழெட்டு நாளில் தோட்டம் முழுக்க மல்லிகை மாதிரி வெள்ளையாகும், மூணு நாலு நாளில் கொட்டிப்போகும். பழம் சிவப்பது கார்த்திகை மார்கழியில். படப்பிடிப்பை ரெண்டு கட்டமாக எடுத்து ஒட்டும்போது ஒரே பாட்டில் நாயகி பூவையும் மோந்து பார்க்கிறாள், பழத்தையும் பறிக்கிறாள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடத்திலேயே படத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது கொலுசு. நாயகன் பொட்டலத்தைப் பிரிப்பான், காலில் மாட்டுவான், அளவு கச்சிதமாக இருக்கும். செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிப்பட்டறைக்காரர்கள் இந்தக் காட்சியை வேறு மாதிரி பார்ப்பார்கள். கொலுசுக்கு அங்குலக் கணக்கு உண்டு. பெரிய பெண்களுக்கு ஒன்பதரை, பத்து, பத்தரை என்று போகும். அரை அங்குலம் குறைந்தால் திருகாணி எட்டாது. கூடினால் குதிகாலுக்கு இறங்கி சேலைக் கரையில் மாட்டும். அளவு தெரியாமல் வாங்கவே முடியாத பொருள் அது. அப்புறம், ஒரு ஜோடி கொலுசு ஒரே ஆள் கையில் முடிவதில்லை. கம்பி இழுக்கிறவர் ஒருத்தர், சங்கிலி கோர்க்கிறவர் இன்னொருத்தர், பற்றவைக்கிறவர், சலங்கை வைக்கிறவர், மெருகு போடுகிறவர் எல்லாம் வேறு வேறு ஆள். கோர்க்கிற வேலை பல வீடுகளில் பெண்கள் கையில் இருக்கிறது. ஒரு பட்டறைப் பையன் தன் காதலிக்கு ரகசியமாகக் கொலுசு செய்ய ஆசைப்பட்டால் அது நாலைந்து பேர் கையைத் தாண்டி வர வேண்டும். கோர்க்கிற அக்கா, "யாருக்குடா இது, பத்து அங்குலம்? உங்கம்மாவுக்குப் பத்தரை ஆச்சே" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இடைவேளைக்கு முன்னால் இதைவிடப் பெரிய திருப்பம் தேவையே இல்லை.

பஸ் காட்சியும் இப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இன்றைய கதை என்று சொல்லிவிட்டு, நாயகன் முன்னாடி நிற்கிற பெண்ணுக்கும் சேர்த்து "ரெண்டு டிக்கெட்" எடுக்கிறான் என்றால் எழுதினவர் பல வருடமாக டவுன் பஸ் ஏறவில்லை என்று அர்த்தம். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாபேட்டை போகிற பஸ்ஸில் இப்போது அத்தைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் நிறைந்திருக்கிறார்கள். கண்கள் கூடியிருக்கின்றன. அதை யாராவது எழுத வேண்டும்.

பேச்சுவழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சேலம் என்றாலே எல்லாரையும் "ஏனுங்" போட வைப்பது கோயம்புத்தூரைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுகிற வேலை. சங்ககிரி, எடப்பாடி பக்கம் அது பொருந்தும். ஆத்தூர்ப் பேச்சு வேறு. டவுனில் நெசவாளர் வீடுகளில் உள்ளே சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ ஓடும், வாசலுக்கு வந்தால் தமிழ் ஆகும். காதலிக்கிறவளிடம் ஒரு மொழி, அம்மாவிடம் ஒரு மொழி பேசுகிற பையனை வைத்தே அரைப் படம் எடுக்கலாம்.

இனி பெண்கள் கேட்கிற கேள்வி. "பின்னாடி சுத்துறதை இன்னும் எத்தனை வருஷம் காதல்னு காட்டுவீங்க?" ஆண்கள் சொல்கிற பதில், "நம்ம ஊர்ல அப்படித்தான் நடக்குது, இயக்குநர் உள்ளதைக் காட்டுறார்." நடக்கிறது என்பது உண்மை. ஆனால் படம் பாதியைத்தான் காட்டுகிறது. ஒரு பையன் ஒரே ஸ்டாப்பில் மூணு நாள் நின்றால் நாலாவது நாள் தெருவுக்கே தெரியும். அந்த வாரம் அவளுடைய போன் பிடுங்கப்படும். அண்ணன் கொண்டுவந்து விட்டு, அண்ணன் கூட்டிப்போவான். அடுத்த மாதம் ஜாதகக் கட்டு பரணிலிருந்து இறங்கும். படிப்பு நிற்கும். பையனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அவன் அதே ஸ்டாப்பில் வேறு சட்டை போட்டு நிற்பான். படம் அவனோடு நின்று அவன் முகத்தின் சோகத்தைக் காட்டுகிறது, அவள் வீட்டுக்குள் கேமரா போவதில்லை. பெண்கள் கோபப்படுவது இதற்குத்தான், அந்தக் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. இதைத் தெரிந்தே எழுதுகிற திரைக்கதையாசிரியர் வேறு மாதிரிதான் எழுதுவார்.

"காதல் படத்துல சாதி எதுக்கு, நிம்மதியா பார்க்க விடுங்க" என்கிற குரலும் ஒவ்வொரு தடவையும் வருகிறது. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த ஒரு பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு கோயிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். வேறு சாதிப் பெண்ணோடு பேசியதை யாரோ பார்த்தார்கள். அந்தப் பட்டதாரியைக் கடத்திக் கொன்று ரயில் தண்டவாளத்தில் போட்டார்கள். 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தப் பட்டதாரியும் தோழியும் செய்தது பகலில், ஜனங்கள் வந்துபோகிற கோயிலில் நின்று பேசியது மட்டும்தான். இந்த ஊரில் நடக்கிற காதல் கதையில் "யார் பார்த்தா என்ன" என்று நாயகன் ஸ்டைலாகச் சொல்லும்போது தியேட்டரில் சிலர் கை தட்டுவதும் சிலர் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் ஏன் என்று இப்போது புரியும். ரசனை வேறுபாடு என்று இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஒருத்தருக்கு அது வசனம், இன்னொருத்தருக்கு வீட்டில் நடந்த விஷயம்.

போனில் 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஸ்லோ" என்று எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படங்களில் தறிச்சத்தம் நிற்கிறதும் கதவு தாழ் விழுகிறதும்தான் வசனம். அதைத் தியேட்டரில் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் இழுவையாகத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

சேலத்தில் நெசவாளர்கள் வாழ்கிற குகையிலோ அம்மாபேட்டையிலோ கதை வைக்கப்போகிற இயக்குநர் யாராவது இதைப் படித்தால், பாவடியில், அதாவது தறிக்குப் போகிற நீள நூலான பாவை விரிக்கிற திறந்த இடத்தில், முன்பு பாவு விரித்த விதத்தை வயதான நெசவாளர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னாலேயே நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ரெண்டு பக்கமும் ஆள் நின்று நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை அறும், அதனால் வேலையை நிறுத்த முடியாது. அறுந்த இழையைப் பார்த்ததும் குனிந்து முடிபோடுவார்கள். ரெண்டு குடும்பமும் சுற்றி நிற்கும், எல்லார் கண்ணும் நூல் மேல் இருக்கும், ஒரு பையனும் பெண்ணும் ஒரு முழ தூரத்தில் எதிரெதிராக நடந்துகொண்டிருப்பார்கள்.