காதில் வெட்டு இருந்தால் வெறிநாய் என்பது பொய்

"காது நுனி வெட்டுப்பட்ட நாய்கள் வெறிநாய்கள், கண்டால் அடித்து விரட்டுங்கள்" என்றொரு செய்தி கடலூர் பக்கத்துக் கிராமங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. உண்மை இதற்கு நேர்மாறானது.

கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட நாய்க்கு வைக்கும் அடையாளம்தான் அந்த வெட்டு. மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவார்கள். அதே நாயைத் தெரியாமல் மறுபடி பிடித்து வயிற்றைக் கிழித்துவிடக் கூடாது அல்லவா, அதற்காகத்தான்.

எங்கள் தெரு டீக்கடை வாசலில் படுத்திருக்கும் செவலைக்கும் அந்த வெட்டு உண்டு. போன வாரம் யாரோ கல்லெறிந்ததில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. இப்படிப்பட்ட நாயைத் துரத்தினால், காலியான இடத்துக்குத் தடுப்பூசி போடாத நாய்கள்தான் வந்து சேரும், குட்டியும் போடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும், வெட்டைப் பார்த்து அது தெரியாது. ஆகவே எந்த நாய் கடித்தாலும், பூனை பிறாண்டினாலும், காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.