கொசுக்கடியால் எச்.ஐ.வி. பரவாது

ஒருவர் "எச்.ஐ.வி. உள்ளவரைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நமக்கும் வரும், மலேரியா அப்படித்தானே பரவுகிறது" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள்ளேயே வளர்ந்து, அதன் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து, கடிக்கும்போது எச்சிலோடு நம் உடலுக்குள் இறங்குகிறது. எச்.ஐ.வி.யால் அது முடியாது, ஏனென்றால் அது தொற்றிப் பெருகுவதற்கு மனித உடலின் சிடி4 வெள்ளணுக்கள் வேண்டும், கொசுவிடம் அவை கிடையாது, குடித்த ரத்தத்தோடு சேர்ந்து வைரஸும் செரித்துவிடும். கொசு நமக்குள் விடுவது எச்சிலைத்தான், முன்பு குடித்த ரத்தத்தை அல்ல.

பரவுவது ஆணுறை இல்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு, இவற்றால்தான். கட்டிப்பிடித்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ வராது. இந்த மாதிரிப் பயத்தால்தான் வீட்டுக்குள்ளேயே ஆட்களை ஒதுக்கி வைக்கிறார்கள், அதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதே இல்லை: எச்.ஐ.வி. உள்ளவர், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தினமும் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. சரி, நிஜமாகவே ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டால்? 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் எடுக்க வேண்டிய தடுப்பு மாத்திரை இருக்கிறது.