"வாங்கு" என்று பொத்தானில் எழுதினால் அது எனக்குச் சொந்தமாக வேண்டும்

மூன்று வாரத்துக்கு முன்பு டேப்லெட்டில் ஒரு புத்தகத்தைத் திறக்கப் போனேன். பறவைகளை அடையாளம் காணச் சொல்லித்தரும் நூல். ஆறு வருடத்துக்கு முன்பு முழு விலை கொடுத்து வாங்கியது. அட்டைப்படம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தொட்டால், "இந்த உள்ளடக்கம் தற்போது கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் "குறிப்புகள்: 214". அதைத் தொட்டாலும் அதே வரிதான் வந்தது.

அந்த 214 குறிப்புகளும் நானும் என் மகளும் எழுதியவை. ஒரு பறவையைப் பார்த்தால் அன்றைக்கே அதன் பக்கத்தைத் தேடிப்பிடித்து, தேதி போட்டு ஒரு வரி எழுதிவைப்போம். "காலை ஆறேகால். தனியாக வந்தது. வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது." இப்படி. மகள் எழுதப் பழகிய புதிதில் "மீங்கொத்தி பரந்துபோச்சு" என்று தட்டச்சு செய்த குறிப்பும் அதில் இருக்கிறது. திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பதில் சொன்னவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதிப்பாளரோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். நான் வாங்கியது புத்தகம் இல்லையாம், அதைப் படிப்பதற்கான உரிமமாம். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றார். சரி, குறிப்புகள்? அவை நூலோடு சேர்ந்தவை, தனியாக எடுத்துத் தர வழியில்லை என்றார்.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை, இன்று நேற்று தொடங்கியதும் இல்லை.

2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாடிக்கையாளர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளுக்குள் புகுந்து அமேசான் அழித்தது. அந்தப் பதிப்பைக் கடையில் ஏற்றிய மூன்றாம் நபருக்கு அதை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். காரணம் நியாயமானதே. பணமும் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் பாடத்துக்காக அவற்றில் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவர் ஒருவரின் குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், வழக்கும் அந்த வருடமே சமரசத்தில் முடிந்தது. பத்து வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. 2019 ஜூலையோடு அங்கே வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. அவர்களும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். குறிப்பு எழுதிவைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். குறிப்புகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பணமாகத் தருவதற்குப் பதில், குறிப்புகளையே ஒரு கோப்பாக்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்கலாம்.

என் கருத்து இதுதான். ஒருவர் "வாங்கு" என்று பொத்தான் வைத்து என்னிடம் முழு விலையையும் வாங்கிக்கொண்டால், அதற்கப்புறம் சாவியை அவர் வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. படித்துவிட்டுத் திருப்பித் தருவது இரவல். மாதாமாதம் காசு கொடுத்துப் பயன்படுத்துவது வாடகை. இத்தனை வருடத்துக்கு என்று பேசி எடுப்பது குத்தகை. கிரயம் என்றால் கை மாறிவிட்டது என்று பொருள். பிள்ளை பேரன் வரைக்கும் ஆண்டு அனுபவிக்கலாம், விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம், கொடுத்தவர் திரும்பி வந்து வாசலில் நிற்க முடியாது. யாரும் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. திரைக்குள் வந்ததும் மட்டும் வாடகைக்குக் கிரயம் என்று பெயர் வைத்து, கிரயத்துக்கு உரிய விலையை வாங்குகிறார்கள்.

சந்தா கட்டிப் படம் பார்ப்பதிலோ பாட்டுக் கேட்பதிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் கட்டுகிறேன். கட்டுவதை நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்துதான் கட்டுகிறேன்.

காகிதப் புத்தகத்தில் இந்தக் கேள்வி நூறு வருடத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள், இதை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அறிவிப்பு அச்சிட்டிருந்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு வந்தது: ஒரு தடவை விற்ற பிறகு, அந்தப் பிரதி அடுத்து என்ன விலைக்குப் போகிறது என்பதில் பதிப்பாளருக்கு அதிகாரம் இல்லை. பழைய புத்தகக் கடைகளும் நூலகங்களும் சட்ட பயமில்லாமல் இயங்குவது இந்த மாதிரிக் கொள்கையை நம்பித்தான்.

ஐரோப்பாவில் கொஞ்சம் குழப்பமாகப் போயிருக்கிறது. காலவரையில்லாமல் விற்ற மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் சொன்னது. மின்னூலை அப்படி விற்க முடியாது என்று 2019இல் அதே நீதிமன்றம் சொன்னது. மின்னூல் கசங்காது, பழசாகாது, அதனால் பழைய பிரதி புதுப் பிரதியின் சந்தையைக் கெடுத்துவிடும் என்பது வாதம். மறுவிற்பனைக்கு அந்த வாதம் பொருந்தலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் விற்கக் கேட்கவில்லையே. என்னிடம் இருப்பதைத் திறந்து படிக்கத்தான் கேட்கிறேன்.

திறக்க நாமே வழி பார்க்கலாம் என்றால் அங்கேயும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1998இல் வந்த அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி டிஜிட்டல் பூட்டை, அதாவது நகலெடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ விடாத மென்பொருளை, உடைப்பதே தனிச் சட்டமீறல், உள்ளே இருப்பது நீங்கள் காசு கொடுத்த சரக்காக இருந்தாலும். விதிவிலக்கு வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

பூட்டு இல்லாவிட்டால் எல்லோரும் நகல் எடுத்துப் பரப்பிவிடுவார்கள், எழுதியவர் எப்படிப் பிழைப்பார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எழுதிப் பிழைப்பவர்களை எனக்கும் தெரியும், அவர்கள் வயிற்றில் அடிக்க நான் கேட்கவில்லை. ஆனால் பாட்டு உலகத்தைப் பாருங்கள். பாடல்களை இந்தப் பூட்டு இல்லாமல் விற்க விடுங்கள் என்று 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் இசை நிறுவனங்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2009க்குள் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் பாடல்களுக்குப் பூட்டு போய்விட்டது. பாட்டு விற்பது அதனால் நின்றுவிடவில்லை. புத்தகத்திலும் டார் பதிப்பகம் 2012 முதல் தன் மின்னூல்களைப் பூட்டில்லாமல் விற்கிறது. கணினி விளையாட்டுகளை அதேபோலப் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி என்ற கடையும் இருக்கிறது. திருடுகிறவனுக்குப் பூட்டில்லாத நகல் எப்படியும் கிடைத்துவிடுகிறது. பூட்டில் மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவன்தான்.

விளையாட்டு என்றதும் தி க்ரூ ஞாபகம் வருகிறது. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். வட்டு வாங்கி வைத்திருந்தவருக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. அதிலிருந்துதான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" (விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கம் கிளம்பியது. 2025 ஜூலையில் அவர்களின் ஐரோப்பிய மனு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரை எந்த நிறுவனமும் காலம் முழுக்க ஓட்ட முடியாது, அதை அந்த இயக்கமும் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர் தன்னால் ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். இது நடக்காத காரியமும் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே நிறுவனம் அதே தொடரின் அடுத்த இரண்டு விளையாட்டுகளுக்கு இணையமில்லாமல் ஆடும் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. முதலாவதை வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

சட்டத்தில் ஒரு சின்ன அசைவு இப்போது தெரிகிறது. கலிஃபோர்னியாவில் 2024இல் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், டிஜிட்டல் சரக்குக்கு "வாங்கு" என்று போட்டால், இது உரிமம்தான் என்பதையும் தெளிவாகத் தெரியும்படி சொல்லியாக வேண்டும் என்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே பயன்படுத்தும் வகையில் விற்றால் அந்த அறிவிப்பு தேவையில்லை. எனக்கு இந்தக் கடைசிப் பகுதி ரொம்பப் பிடித்திருக்கிறது. நிஜமாக விற்கிறவர் தாராளமாக "வாங்கு" என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் எச்சரிக்கை வாசகம் மட்டும் போதாது. கடையை மூடும்போதும், ஒப்பந்தம் முடியும்போதும், ஏற்கெனவே காசு கொடுத்தவருக்குப் பூட்டில்லாத பிரதியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போதே அதற்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வது கடைக்காரர் பொறுப்பு.

குறிப்புகளின் விஷயத்தில் நான் கொஞ்சமும் இறங்கிவர மாட்டேன். நூல் பதிப்பாளருடையது என்றே வைத்துக்கொள்வோம். குறிப்பு என்னுடையது, என் மகளுடையது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவர் தந்த தன் சொந்தத் தரவை, கணினி படிக்கும் வடிவில் எடுத்துப் போகும் உரிமையைத் தருகிறது. வாசகரின் குறிப்புகள் அதற்குள் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லா நாட்டிலும் அப்படி ஒரு பிரிவு வேண்டும்.

எழுதவேண்டிய இன்னொன்று இருக்கிறது. போன ஞாயிறு அலமாரியைக் குடைந்தபோது பழைய டேப்லெட் கிடைத்தது. திரையின் ஒரு மூலை உடைந்தது என்று ஒதுக்கிப் போட்டது. சார்ஜில் போட்டு, அது உயிர் பெற்ற நொடியே விமானப் பயன்முறைக்கு மாற்றினேன். கை நடுங்கியது. புத்தகம் அப்படியே வண்ணத்தில் இருந்தது. இணையத்தில் இணையாததால் பறிக்கும் கட்டளை அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நகலெடுக்க விடமாட்டேன் என்கிறது. அதனால் மகள் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ள, நான் கைபேசியில் ஒவ்வொரு குறிப்பாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு வரை 131 முடிந்தது. மீன்கொத்தியின் பக்கம் வந்ததும் தன் பழைய குறிப்பைப் பார்த்து, "பரந்து இல்லப்பா, பறந்து" என்றாள். அப்புறம் அதையும் அப்படியே எடுக்கச் சொன்னாள்.