தொப்பைக்கு மெட்டபாலிசம் என்ன செய்யும்?

எங்கள் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "முன்ன மாதிரியேதான் சாப்பிடுறேன், மெட்டபாலிசம் கொறஞ்சிடுச்சு, அதான் எடை ஏறுது." கும்பகோணம் டீக்கடையிலும் இதே பேச்சு, கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியை வாங்கிக்கொண்டும் இதே பேச்சு. இதை நம்பித்தான் பவுடர், மூலிகை டீ, சொட்டு மருந்து என்று ஊருக்கு நாலு பேர் வியாபாரம் பண்ணுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெட்டபாலிசம் என்றால் உடம்பு கலோரியைச் செலவழிக்கிற வேகம். சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு ஓட, மூளையும் கல்லீரலும் வேலை செய்ய உடம்புக்குச் சக்தி வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியில் சுமார் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடும். சாப்பிட்டதைச் செரிக்க ஒரு 10 சதவீதம். மிச்சம்தான் நடை, வேலை, குனிவது நிமிர்வது எல்லாம். 2021இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகள், 6,400 பேருக்கு மேல், பிறந்து எட்டு நாளான குழந்தையில் இருந்து 95 வயதுக்காரர் வரை. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயதில் இருந்து 60 வரை இந்த வேகம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பிறகுதான் வருஷத்துக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. நாற்பத்திரண்டு வயதில் சட்டைப் பித்தான் மாட்டாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதுதான்.

உடனே இன்னொருவர் வருவார். "எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான், ஒல்லியா திடமா இருந்தாரு." எந்தத் தாத்தா? திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போட்ட மிராசுதார் தாத்தாவுக்குத் தொந்தி இருந்தது. அவர் வயலில் நாள் முழுக்கக் குனிந்து நாற்றுப் பறித்து நட்டவர்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. இரண்டு பேருக்கும் அதே காவிரித் தண்ணீர், அதே அரிசி. ஒருவர் அசையவில்லை, இன்னொருவருக்கு உழைப்பும் அதிகம், வயிறு நிறையச் சோறும் கிடையாது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுபவர்கள் இந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இப்போது நடவுக்கு எந்திரம், அறுப்புக்கு எந்திரம், களைக்கு மருந்து. வரப்பு வரைக்கும் பைக் போகிறது. போர் மோட்டாரைக்கூட வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் போட்டு நிறுத்துகிறோம். முதுகு ஒடிகிற வேலை போனதில் எனக்கு வருத்தமே இல்லை, போகட்டும். ஆனால் மிராசு நிலம் எல்லோருக்கும் வரவில்லை, மிராசுதார் தொந்தி மட்டும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது.

உடற்பயிற்சி என்று தனியாகச் செய்வதைச் சொல்லவில்லை, நாள் முழுக்கச் சும்மா அசைகிற அசைவைச் சொல்கிறேன். 1999இல் அமெரிக்காவில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், கூடுதலாகச் சாப்பிட்டபோது யார் எவ்வளவு தன்னை அறியாமல் அசைந்தார்கள் என்பதுதான். அதற்காக நடந்தால் மட்டும் எடை இறங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நடந்துவிட்டு வந்தால் பசிக்கும், அதற்காகத் தட்டில் கூடுதலாக விழுந்தால் கணக்கு நேராகிவிடும்.

அந்தத் தட்டைப் பார்ப்போம். முதலில் சாம்பார் சோறு, அடுத்து ரசத்துக்குச் சோறு, கடைசியில் மோருக்குச் சோறு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. மூன்று சுற்றில் எவ்வளவு உள்ளே போகிறது என்று வடித்த பிறகு யாருக்கும் தெரியாது. பருப்பு என்று பார்த்தால் சாம்பார் கரண்டியின் அடியில் கொஞ்சம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. இந்தச் சாப்பாட்டில் அது வராது. புரதம் பசியை அடக்கும். செரிக்கவே அதில் உள்ள கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகும், சோறு மாதிரி மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். மெட்டபாலிசத்தை ஏற்றித் தருகிற சாப்பாடு என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வேடிக்கை என்னவென்றால் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே ஈரவயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுகிற ஊர் இது. விளைந்த உளுந்தில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம். அதை மூட்டை கட்டி வியாபாரிக்குப் போட்டுவிட்டு, பணத்தில் பாதியைப் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிறோம்! பயறு சுண்டல், முட்டை, நாகப்பட்டினத்தில் இருந்து வருகிற மத்தி மீன் குழம்பு, கெட்டித் தயிர், இதில் ஏதோ ஒன்று முதலில் தட்டில் விழட்டும், சோறு அப்புறம், ஒரே சுற்று. ரசத்தை டம்ளரில் குடியுங்கள், அது இன்னும் ருசி.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதும் சரிதான், கொள்ளு கொழுப்பை உருக்குவதால் இல்லை, புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால். சீரகத் தண்ணீர் குடியுங்கள், தப்பில்லை, எடைக்கு ஒன்றும் ஆகாது. தேன் கலந்தால் அதுவும் கலோரிதான். தசையை ஏற்றினால் மெட்டபாலிசம் எகிறும் என்பதும் மிகைதான். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கும், இரண்டு கிலோ ஏற்றினால் ஒரு மெதுவடையில் கால்வாசி. ஆனாலும் தசை வேண்டும், சாப்பிட்ட சர்க்கரை போய்ச் சேரும் பெரிய இடம் அது. தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து பாருங்கள், உங்கள் நிலைமை தெரிந்துவிடும்.

பட்டினி மட்டும் வேண்டாம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுப் பவுடரைக் கரைத்துக் குடித்தார், இளைத்தார், விட்டதும் பழையபடி ஏறிவிட்டது. அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டியில் வேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தபோது, அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. எடையும் பெரும்பாலோருக்குத் திரும்பிவிட்டது.

எடை இயந்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு டேப் போதும். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் அளவு. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் சேர்ந்து எடை ஏறினால் தைராய்டு பார்த்துவிடுங்கள், அது குறைவாகச் சுரந்தால் மெட்டபாலிசத்தின் வேகம் நிஜமாகவே குறையும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். முதலில் டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசுங்கள்.