எங்கள் பக்கம் வெள்ளை புதுமை அல்ல
வெள்ளைப் புடவையில் மணமேடை ஏறுவது மரபை மீறும் துணிச்சல் என்கிறது மணப்பெண் உடை பற்றிய ஒரு கட்டுரை. தமிழக-கேரள எல்லையிலுள்ள எங்கள் களியக்காவிளையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் பாலராமபுரம் தறியில் நெய்யும் கசவுப் புடவை, சரிகைக் கரை போக, வெளுக்காத பருத்தி நிறம்தான், அதைக் கட்டிக்கொண்டுதான் எத்தனையோ பெண்கள் தாலிக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். கேரளக் கிறிஸ்தவ மணப்பெண்களிலும் பலர் வெள்ளையில் வந்து, பிறகு மாப்பிள்ளை வீட்டார் தரும் மந்திரகோடி என்ற கல்யாணப் புடவைக்கு மாறுவார்கள். வெள்ளை விதவைக்குரியது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருப்பவர் ஒரு முகூர்த்த நாளில் இந்தப் பக்கம் வந்து பார்க்கட்டும். ஐரோப்பாவிலேயே 1840இல் விக்டோரியா அரசி உடுத்திய பிறகுதான் வெள்ளை கவுன் பரவலானது. என் அக்காள் மகள் தன் கல்யாணத்துக்குப் பாட்டியின் பழைய முண்டும் நேரியதும்தான் (இரண்டு துண்டாக உடுத்தும் கசவு உடை) வேண்டும் என்றபோது நிறத்தை யாரும் குறை சொல்லவில்லை. அவள் அத்தைதான் கசவுக் கரையை விரலால் நிமிண்டிப் பார்த்து, “பருத்தியா? பட்டு எடுக்கக் காசில்லையா?” என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் பெரும்பாடு பட்டோம்.