பாலை இறக்கச் சொல்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்திடட்டும்

டேங்கர் லாரி பால் பண்ணையின் வாசலுக்குள் நுழைந்துவிட்டால் போதும், அதிலுள்ள பாலைக் கண்ணால்கூடப் பார்க்காத அத்தனை பேருக்கும் என்னிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: இன்னும் ஏன் இறக்கவில்லை? ஓட்டுநர் கேட்கிறார். லாரியை ஒப்பந்தத்துக்கு விட்டவர் கைப்பேசியில் கேட்கிறார். கொள்முதல் பிரிவு கேட்கிறது, பாக்கெட் போடும் பிரிவு கேட்கிறது, ஷிஃப்ட் பொறுப்பாளர் இருவருக்கும் சேர்த்து இன்னொரு முறை கேட்கிறார். பால் எத்தனை டிகிரியில் வந்திருக்கிறது, புளிப்பு எவ்வளவு, அதை மறைக்கச் சோடா உப்பு போட்டிருக்கிறார்களா என்று கேட்பதற்கு மட்டும் ஒருவரும் இல்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணையில், டேங்கர் பால் இறக்கும் மேடையில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆர்.எம்.ஆர்.டி. என்றால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். கிராமங்களில் கறக்கிற பால் சங்கத்துக்கோ சேகரிப்பு மையத்துக்கோ போய், அங்கிருந்து பி.எம்.சி. என்கிற குளிரூட்டும் தொட்டியில் 4 டிகிரிக்குக் குளிர்ந்து, டேங்கரில் ஏறி எங்களிடம் வருகிறது. அதைச் சோதித்து, எடை போட்டு, சைலோ என்கிற பெரிய சேமிப்புத் தொட்டிக்கு ஏற்றி, காலியான டேங்கரைக் கழுவி அனுப்புவதுதான் என் வேலை. ஒவ்வொரு டேங்கருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்து இருக்க வேண்டும். நான் இன்று கொதிப்பது அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.

முதலில் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். 4 டிகிரியில் ஏற்றியதாக, டேங்கரோடு வரும் ட்ரிப் ஷீட் என்ற பயணத் தாளில் எழுதியிருக்கும். மேலே ஏறித் தெர்மாமீட்டரை விட்டால் 10 காட்டும். "வெயில்ல வந்தேனுங்கண்ணா, மூணு மணி நேரமா ரோட்டுல நின்னுட்டனுங்க" என்பார் ஓட்டுநர். அவர் நின்றது உண்மையாகவே இருக்கலாம், அவரை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால், பால் டேங்கர் என்பது இரட்டைச் சுவர் கொண்ட எஃகுப் பாத்திரம். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அடைத்திருக்கிறது. நல்ல நிலையிலுள்ள டேங்கரில் சில மணி நேரப் பயணத்துக்குப் பால் ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே அதிகம். எனவே 10 டிகிரியில் வந்த பால் பெரும்பாலும் ஏற்றும்போதே குளிராமல் இருந்த பால்தான். பி.எம்.சி.யில் கரண்ட் போயிருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றாமல் விட்டிருப்பார்கள், அல்லது காலையில் கறந்த வெதுவெதுப்பான பாலை முந்தைய நாள் மாலைப் பாலோடு கலந்து, அது குளிர்வதற்குள் வால்வைத் திறந்திருப்பார்கள். இதைத் தொலைபேசியில் சொன்னால், "அதெல்லாம் பார்த்துக்கலாம், நீங்க முதல்ல இறக்குங்க" என்று பதில் வருகிறது. யார் பார்த்துக்கொள்வார்கள், எப்போது பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அடுத்த நாள் அதே பாதை டேங்கர் அதே சூட்டோடு வந்து நிற்கிறது.

அடுத்தது மாதிரி எடுப்பது. வெளியில் இருப்பவர்களுக்கு இது டம்ளரில் மோர் மொள்வதுபோல் தோன்றுகிறது. டேங்கர் ஓடும்போதும் நிற்கும்போதும் கொழுப்பு மேலே எழுந்து ஏடாகத் திரளும். அதைக் கலக்காமல் மேலிருந்து எடுத்தால் கொழுப்பு அதிகமாகக் காட்டும். வால்வு வழியாகக் கீழிருந்து எடுத்தால் குறைவாகக் காட்டும். ஆகையால் மேன்ஹோல் மூடியின் சீல் எண்ணை ட்ரிப் ஷீட்டோடு ஒப்பிட்டு, சீலை வெட்டி, மூடியைத் திறந்து, நீண்ட கைப்பிடியுள்ள பிளஞ்சரை அடிவரை இறக்கி ஏற்றி, ஒவ்வொரு அறையிலும் பல நிமிடங்கள் கலக்கிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். மழை பெய்யும் இரவில் அந்த எஃகு முதுகின்மேல் நின்று இதைச் செய்து பார்த்தவருக்குத் தெரியும். காலடியில் ஒட்டிய பால் பிசுக்கும் மழைநீரும் சேர்ந்து வழுக்கும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் கலக்க முடியாது; இரண்டு கையும் வேண்டும். மேலே மடக்குக் கம்பிவேலியும் இடுப்புக் கயிறு மாட்ட ஒரு வளையமும் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டு, கேட்டு, வாய் வலித்துவிட்டது. அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் கீழே இருந்து குரல் வருகிறது: "என்னங்க, இன்னுமா கலக்கறீங்க?"

இந்தக் கலக்கலில் இரண்டு நிமிடத்தைத் திருடினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 10,000 லிட்டர் பால் என்பது ஏறத்தாழ 10,300 கிலோ. கொழுப்பில் 0.1 சதவீதம் பிசகினால் 10 கிலோவுக்கு மேல் கொழுப்புக் கணக்கில் வித்தியாசம் வருகிறது. மேலேற்றிக் காட்டினால் பண்ணைக்கு நட்டம். குறைத்துக் காட்டினால் அந்தப் பாதையிலுள்ள மையங்களின் தலையில் விழுகிறது, மையத்திலிருந்து மாடு வைத்திருப்பவரின் பணத்தில் பிடித்தம் ஆகிறது. விடியற்காலையில் எழுந்து இரண்டு மாட்டைக் கறந்து ஊற்றிய ஒரு பெண்மணிக்கு, தன் பணம் ஏன் குறைந்தது என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. அவருடைய காசு அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. அதை நான் யாருடைய அவசரத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சோதனைக் கூடத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அனலைசர் இயந்திரம் ஒரு நிமிடத்தில் கொழுப்பு எவ்வளவு என்ற எண்ணைக் காட்டிவிடும் என்பது சரிதான். ஆனால் அந்த இயந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கவும், தகராறு வந்தால் தீர்க்கவும், அமிலத்தால் கொழுப்பைப் பிரித்து அளக்கும் கெர்பர் முறைதான் கைகொடுக்கிறது. பியூட்டிரோமீட்டர் என்கிற அளவுக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பானைப் போட்டுக் குலுக்கும்போது குழாய் கையில் கொதிக்கும், பால் கருஞ்சாந்து நிறத்துக்குப் போகும். அதைச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, 65 டிகிரி தண்ணீரில் வைத்து எடுத்து, தெளிந்து நிற்கும் கொழுப்புப் பத்தியைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் படிக்க வேண்டும். 90 சதவீத அமிலம் அது. அவசரப்படுத்தினால் அடைப்பான் தெறிக்கும். எங்கள் கெமிஸ்ட்டின் சட்டைக் கைகளில் இருக்கும் ஓட்டைகள் அப்படி விழுந்தவைதான்.

இன்னொரு பக்கம், சோதனைக் குழாயில் 5 மில்லி பாலைக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்துத் திரிகிறதா என்று பார்க்க வேண்டும். புளிப்பை அளக்க வேண்டும். நல்ல பாலில் அது பொதுவாக 0.15 சதவீதத்தைத் தாண்டாது. புளிப்பு சரியாக இருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் புளித்த பாலில் சோடாவைப் போட்டுவிட்டால் புளிப்புச் சோதனையே ஏமாந்துவிடும். ரோசாலிக் அமிலத்தை விட்டுப் பார்த்து, நல்ல பாலுக்கு வரும் பழுப்பு நிறமா, சோடாப் பாலுக்கு வரும் ரோஜாச் சிவப்பா என்று பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் கலந்தவர், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை ஏமாற்ற நினைத்துச் சர்க்கரையையோ உப்பையோ யூரியாவையோ சேர்த்திருந்தால் அதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. 2014ஆம் ஆண்டில், சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த பால் டேங்கரைத் திண்டிவனம் அருகே நிறுத்திப் பாலை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றியவர்களைப் போலீசார் பிடித்தது தமிழ்நாடே அறிந்த செய்தி. அதற்குப் பிறகும், சீல் எண்ணை ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள் என்றால், நான் என்ன சொல்ல?

"எப்படியும் பாஸ்டரைஸ் செய்யத்தானே போகிறோம்" என்ற வாதம்தான் எனக்கு அதிகமாக ஆத்திரம் மூட்டுகிறது, ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் நோய்க்கிருமிகள் சாகும். ஏற்கெனவே உண்டான புளிப்பு போகாது. குளிர்ந்த பாலிலும் வளரும் கிருமிகள் விட்டுச்சென்ற நொதிகளில் பல அந்தச் சூட்டைத் தாங்கி, பாக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பாலைக் கசக்கச் செய்யும். மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்தின் எச்சமும் போகாது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் மக்காச்சோளமும் தின்ற மாட்டின் பாலில் வருகிற அஃப்ளடாக்சின் எம்1 என்ற நஞ்சும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில், உடலுக்குக் கேடான கலப்படம் 12இல்தான் இருந்தது. அஃப்ளடாக்சின் வரம்பை மீறியவை 368. அவற்றில் மிக அதிகமாக மாட்டியது நம் தமிழ்நாட்டு மாதிரிகள். கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாத இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க, பால் பண்ணைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். சூடான அல்லது புளித்த 10,000 லிட்டரை 60,000 லிட்டர் சைலோவுக்குள் விட்டபிறகு, அதைத் திரும்பப் பிரித்தெடுக்கிற இயந்திரம் எங்கும் இல்லை.

பால் இறங்கியதும் முடிந்துவிடவும் இல்லை. காலி டேங்கரைத் தண்ணீரால் அலசி, 75 டிகிரி சூட்டில் காஸ்டிக் என்கிற காரக் கரைசலை ஓடவிட்டு, மறுபடி அலசி, நைட்ரிக் அமிலம் ஓடவிட்டு, கடைசியில் சுடுதண்ணீர் விட வேண்டும். அமிலத்தை விட்டுவிட்டால் உள்சுவரில் பால் கல் படியும். அந்தக் கல்லில் கிருமி குடியிருக்கும். அடி வால்வைக் கழற்றி, கேஸ்கட் என்கிற அடைப்பு வளையத்தை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் கையால் தேய்க்க வேண்டும், எதையும் கழற்றாமல் குழாய் வழியாக ஓடவிட்டுக் கழுவும் சி.ஐ.பி. தண்ணீர் அந்த இடுக்குக்குள் போகாது. கழற்றிப் பார்த்தால் சில நேரம் உள்ளே மஞ்சளாகப் பழைய கொழுப்பு ஒட்டியிருக்கும், முகத்தில் அடிக்கிற நாற்றத்தோடு. மாலைப் பாலுக்கு நேரமாகிறது என்று இதையும் சுருக்கச் சொல்கிறார்கள். அலசி மட்டும் அனுப்பிய டேங்கரில் அடுத்த ஊரின் நல்ல பால் ஏறுகிறது, அது புளித்து வருகிறது, அப்போது அந்த ஊர்க்காரர்களைத் திருடர்கள்போல் விசாரிக்கிறார்கள்.

ஓட்டுநர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு உறக்கம் இல்லை, வாசலில் நிற்கும் நேரத்துக்குக் கூலியும் இல்லை. இங்கே தாமதமானால் அங்கே பி.எம்.சி. நிரம்பி, மாலைப் பால் கேனிலேயே வெயிலில் நிற்கும் என்பதும் உண்மை. அந்தத் தாமதத்துக்குக் காரணம் சோதனையில் செலவாகும் அரை மணி நேரம் அல்ல. எல்லாப் பாதை டேங்கர்களையும் ஒரே நேரத்துக்கு வரும்படி அட்டவணை போட்டுவிட்டு, இரண்டே இரண்டு இறக்கும் வாய்களும், ஷிஃப்ட்டுக்கு ஒரு கெமிஸ்ட்டும், ஒரு சி.ஐ.பி. இணைப்பும் வைத்திருப்பதுதான் காரணம். நான்கு டேங்கர் ஒன்றாக வந்து நின்றால், கடைசி டேங்கரின் ஓட்டுநர் என்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவார்? அட்டவணை போட்டவர் மேடைக்கு வருவதே இல்லை. அரை மணி நேர இடைவெளி விட்டு வரச்சொல்ல ஒரு பைசா செலவில்லை. இன்னொரு கெமிஸ்ட்டுக்குக் கொடுக்கும் சம்பளம், ஒரு சைலோ திரிந்தால் கொட்டுகிற பாலின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பால் திரிந்த நாளில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். எல்லோரும் பதிவேட்டைத் திறக்கிறார்கள். அதில் வெப்பநிலை, நேரம், டேங்கர் எண், கீழே என் கையெழுத்து. "இறக்குங்க" என்று கைப்பேசியில் சொன்ன குரல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. சொன்னவருக்குச் சொன்னதே நினைவில்லை. "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்கிறார்கள். ஆமாம், போட்டேன், 10 டிகிரி என்று எழுதித்தான் போட்டேன். அந்த எண்ணை அன்று படிக்காதவர்கள் இன்று விளக்கக் குறிப்பாணை கொடுக்கிறார்கள்.

ஆகவே, பதிவேட்டில் இன்னொரு கட்டம் வேண்டும். சோதனை முடியாமலோ, சோதனையில் தவறிய பிறகோ ஒரு டேங்கரை இறக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், மேடைக்கு வந்து, அந்தக் கட்டத்தில் தன் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திடட்டும். தொலைபேசியில் வரும் வாய்மொழி உத்தரவுக்கு இனி வால்வைத் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.