பழைய டூ-இன்-ஒன்னில் லினக்ஸ்: பணம் கொடுப்பதற்கு முன்னால்

"செகண்ட்ஹேண்டில் ஒரு டூ-இன்-ஒன் கிடைக்குது, லினக்ஸ் போட்டா டச் வேலை செய்யுமா?" விசைப்பலகையைக் கழற்றியோ மடக்கியோ டேப்லெட்டாகவும் பயன்படுத்தும் லேப்டாப்களைப் பற்றி என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் செய்யும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றைக் கேட்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு "டேப்லெட்டுக்கு லினக்ஸ் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தம் தருகிறது. படிக்கவும் கையால் எழுதவும் நான் தினமும் எடுப்பது லினக்ஸ் ஓடும் ஒரு பழைய டூ-இன்-ஒன்னைத்தான்.

இவை இப்போது ஏன் இவ்வளவு விற்பனைக்கு வருகின்றன என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்) வேண்டும், இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்ட கருவிகள் கெட்டுப்போனவை அல்ல. 2015-இல் வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ப்ரோ 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 12.3 அங்குலத் திரை, 2736×1824 பிக்சல், 3:2 விகிதம். செங்குத்தாகப் பிடித்தால் ஏ4 பக்கம் ஒன்று சுருக்கிப் பெரிதாக்கத் தேவையில்லாமல் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இன்று புதிதாக வாங்கும் பல லேப்டாப்களில் இப்படி ஒரு திரை கிடையாது. இதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

டச் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். திங்க்பேட் யோகா வரிசை மாதிரி அலுவலகங்களுக்கென்று செய்த மாடல்களில் டச்சும் வாகாம் நிறுவனத்தின் பேனாவும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் ட்ரைவரிலேயே ஓடுகின்றன. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சர்ஃபேஸ் ப்ரோ 4-உம் அதற்குப் பின் வந்த சில மாடல்களும் வேறு ரகம். விரல் எந்த இடத்தில் பட்டது என்று அந்தத் திரை சொல்லாது. திரை முழுக்கப் பதிவான தொடு அளவுகளை அப்படியே அள்ளி அனுப்பிவிடும். அதில் எது விரல், எது உள்ளங்கை என்று மென்பொருள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து 'லினக்ஸ்-சர்ஃபேஸ்' என்ற திட்டத்தில் தனிக் கெர்னலையும், 'ஐபிடிஎஸ்டி' என்ற பின்னணி நிரலையும் பராமரித்து வருகிறார்கள். அவற்றைப் போட்டால் டச் உயிர் பெறும். அந்த மாடல்களில் சாதாரண உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) லைவ் யுஎஸ்பியில், அதாவது நிறுவாமலேயே பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு "டச் போச்சு" என்று விலகிவிட வேண்டாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது ஸ்லீப்பைப் பற்றி.

லேப்டாப் என்றால் மேசையில் மூடி வைப்போம், சார்ஜரும் பக்கத்திலேயே இருக்கும். டேப்லெட் அப்படியில்லை. ஒரு பக்கம் படித்துவிட்டுப் பையில் போடுவோம், மறுநாள் எடுத்தால் உடனே திறக்க வேண்டும். பழைய முறை ஸ்லீப்பில் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும்; மற்றதெல்லாம் அணைந்திருக்கும். பல டேப்லெட்களில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். அவற்றில் ப்ராசசர் அணைவதில்லை, சும்மா இருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு சிப் ஓயாமல் விழித்திருந்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். பை சூடாவது அதனால்தான். உங்கள் கருவி எந்த ரகம் என்று ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம். 'சிஸ்' அடைவுக்குள் 'பவர்' அடைவில் 'மெம்_ஸ்லீப்' (/sys/power/mem_sleep) என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 'டீப்' (deep) என்ற சொல் இருந்தால் பழைய முறை உண்டு. 'எஸ்2ஐடில்' (s2idle) மட்டும் இருந்தால் இரவு முழுக்கச் சார்ஜரில்லாமல் ஸ்லீப்பில் வைத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு, பிறகு தானாகவே ஹைபர்நேட்டுக்கு, அதாவது ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும் நிலைக்கு, போகும்படி சிஸ்டம்டியில் (லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) அமைக்கலாம். அதை எழுத டிஸ்க்கில் ரேம் அளவுக்கு ஸ்வாப் இடம் ஒதுக்க வேண்டும். ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் காவல்) ஆன் ஆகியிருந்தால் ஃபெடோரா, உபுண்டு போன்றவற்றின் கெர்னல் ஹைபர்நேட்டை அனுமதிக்காது. நான் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, டிஸ்க்கை முழுசாக என்க்ரிப்ட் செய்து வைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு. பூட் ஆகும்போது டிஸ்க்கின் கடவுச்சொல் கேட்கும் இடத்தில், வழக்கமான டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகைகளில்) திரை விசைப்பலகை வராது. ஹைபர்நேட்டிலிருந்து எழும்போதும் இதே கதைதான். கழற்றி வைத்த விசைப்பலகையைத் தேடி எடுத்து மாட்டியாக வேண்டும். டிபிஎம் சிப்பில் சாவியை வைத்து டிஸ்க்கைத் தானாகத் திறக்கவும் வைக்கலாம். அப்போது கருவி யார் கைக்குப் போனாலும் ஆன் செய்தவுடன் டிஸ்க் திறந்துகொள்ளும், லாகின் திரை ஒன்றுதான் காவல். கையோடு எடுத்துப் போகும் பொருளுக்கு அந்தக் காவல் போதாது என்பது என் கருத்து. விசைப்பலகையை மாட்டும் சிரமமே மேல்.

அடுத்தது கேமரா. சுருக்கமாகச் சொன்னால், கேமராவுக்காக இவற்றை வாங்காதீர்கள். உள்ளே யுஎஸ்பி வழியாக இணைத்த கேமரா என்றால் உடனே ஓடும். பல மெல்லிய டேப்லெட்களில் சென்சரை ப்ராசசரின் படப் பகுதியோடு நேராகக் கோத்திருப்பார்கள். அதற்கு லிப்கேமரா என்ற மென்பொருள் வேண்டும். படம் வந்தாலும் நிறம் மங்கியிருக்கலாம்.

இத்தனை சொல்லியும் ஏன் வாங்கச் சொல்கிறேன்? பேனாவுக்காக. ஷூர்னல்++ நிரலில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து, உள்ளங்கையைத் திரைமேல் வைத்து, ஓரத்தில் குறிப்பு எழுதிப் பாருங்கள். பேனா நுனி திரையை நெருங்கியதுமே, தொடுதலையும் பேனாவையும் கையாளும் லிப்இன்புட் என்ற மென்பொருள் விரல் தொடுதலை நிறுத்திவிடுகிறது. கை பட்டுப் பக்கம் நகர்வதில்லை. அழுத்தினால் கோடு தடிக்கிறது, லேசாக விட்டால் மெலிகிறது. தமிழில் ஒரு சுழியைச் சுழித்து முடிக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆர்நோட் நிரலும் எனக்குப் பிடிக்கும், முடிவில்லாத தாள் வேண்டுமென்றால் அதுதான். பழைய கருவிகள் பெரும்பாலும் பேனா இல்லாமலேயே கைமாறுகின்றன. எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. வாகாமிலேயே இஎம்ஆர் ரகத்துக்குப் பேட்டரி தேவையில்லை, ஏஇஎஸ் ரகத்துக்குத் தேவை. ஒன்று மற்றதன் திரையில் வேலை செய்யாது. சர்ஃபேஸ் பேனா மூன்றாவது ரகம். கருவியைப் பேசும்போதே பேனாவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

டெஸ்க்டாப், அதாவது திரையில் நாம் பார்க்கும் முகப்பு, எது என்று கேட்டால், வேலேண்டில் (திரையில் படம் காட்டும் புதிய முறை) ஓடும் ஜினோம். எழுதும் கட்டத்தைத் தொட்டால் திரையில் விசைப்பலகை வரும், மூன்று விரலால் பணியிடம் மாறலாம். இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 6-உம் நன்றாக வந்திருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன்.

வாங்கப் போகும்போது பையில் ஒரு லைவ் பென் ட்ரைவ் கட்டாயம் இருக்கட்டும். அதிலிருந்து பூட் ஆகிறதா என்பதுதான் முதல் சோதனை. பழைய உரிமையாளர் பயாஸ் கடவுச்சொல் போட்டு வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். "அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பூட் ஆனால் வைஃபை, ஒலி, திரையின் நாலு மூலையிலும் தொடுதல், ஒருமுறை ஸ்லீப். பிறகு டெர்மினலில் 'யுபவர்' (upower) கட்டளையில் பேட்டரி விவரத்தைப் பாருங்கள். புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்களையும் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் நான் வாங்கமாட்டேன். இவற்றில் பலவற்றில் பேட்டரி ஒட்டப்பட்டிருக்கும். பல மாடல்களில் அதை மாற்றத் திரையையே பெயர்த்தாக வேண்டும். திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தால், பேட்டரி உப்பியிருக்கலாம். எந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

பெரும்பாலும் ரேமைப் பலகையோடு சால்டர் செய்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி இருக்கட்டும். 2 ஜிபி ரேமும் 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் உள்ள, இன்டெலின் 'ஆட்டம்' ப்ராசசர் போட்ட பழைய டேப்லெட்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றில் ப்ராசசர் 64 பிட், கருவியை பூட் செய்யத் தொடங்கும் யுஇஎஃப்ஐ நிரல் 32 பிட்; பல இன்ஸ்டாலர்கள் அதில் பூட்டே ஆகாது. முதல்முறை லினக்ஸ் பழகுகிறவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்பமாட்டேன்.

விண்டோஸை அழிக்கும் முன் ஃபர்ம்வேர் (கருவியின் சிப்களுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். லெனோவோ, டெல், ஹெச்பியின் பல மாடல்களுக்கு லினக்ஸிலிருந்தே எஃப்டபிள்யூஅப்டி (fwupd) என்ற நிரல் மூலம் அப்டேட் கிடைக்கும். சர்ஃபேஸுக்கு வழக்கமான வழி விண்டோஸ் அப்டேட்தான்.

திரையைத் திருப்பினால் படம் தலைகீழாக நிற்கிறதா? பயப்பட ஒன்றுமில்லை. அசைவைச் சொல்லும் சென்சரை அந்த மாடலில் வேறு கோணத்தில் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைச் சரிக்கட்டும் வரி பல மாடல்களுக்கு சிஸ்டம்டியின் வன்பொருள் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மாடல் அதில் இல்லையென்றால் 'மானிட்டர்-சென்சர்' (monitor-sensor) கட்டளையை ஓடவிட்டு, கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான வரியை நீங்களே எழுதலாம். எழுதியதை உங்கள் கருவியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பட்டியலுக்கும் அனுப்பிவிடுங்கள். சேர்த்துக்கொண்டார்கள் என்றால், பின்னால் வரும் டிஸ்ட்ரோ பதிப்புகளில் அதே மாடலை வாங்குகிறவருக்குத் திரை முதல் நாளே நேராக நிற்கும்.